ஆறு ரன்னில் அடங்காத கணக்கு

2022 பிப்ரவரி 12. பெங்களூரு ரெசிடென்சி ரோட்டில் உள்ள ஐடிசி கார்டேனியா ஓட்டலில் ஐபிஎல் ஏலம். இலங்கைச் சுழற்பந்து வீச்சாளர் வனிந்து ஹசரங்காவின் விலை ஏறி ஏறி 10.75 கோடியில் வந்து நின்றபோது, ஏலம் நடத்திக்கொண்டிருந்த ஹியூ எட்மீட்ஸ் மேடையிலேயே மயங்கி விழுந்தார். அவருக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் கடைசியில் வந்து முடித்தும் கொடுத்தார். ஆனால் அந்த நேரத்துக்கு மாற்று ஆள் வேண்டுமே? ஐபிஎல் தலைவர் பிரிஜேஷ் படேல், அருகில் குடியிருந்த சாரு ஷர்மாவுக்குப் போன் போட்டார். வீட்டில் மதியச் சாப்பாட்டில் இருந்த மனிதர் உடுப்பு மாற்றிக்கொண்டு வந்து ஏலத்தை எடுத்து நடத்தினார். ஹசரங்கா அதே 10.75 கோடிக்கு ராயல் சேலஞ்சர்ஸ் பெங்களூருக்குப் போனார்.

பழைய கதை தெரிந்தவர்கள் அன்றைக்குச் சிரித்திருப்பார்கள். 2008இல், ஐபிஎல்லின் முதல் ஆண்டில், இதே ஆர்சிபியின் தலைமை நிர்வாக அதிகாரி சாரு ஷர்மாதான். அணி தோற்றுக்கொண்டே இருந்ததால் போட்டித் தொடர் முடிவதற்குள்ளேயே அவரை நீக்கினார்கள். தவறான ஆட்களை எடுத்ததாக உரிமையாளர் விஜய் மல்லையா அவர்மீதும் கேப்டன் ராகுல் டிராவிட்மீதும் வெளிப்படையாகவே பழி போட்டார். காலியான நாற்காலியில் உட்கார்ந்தவர் யார் தெரியுமா? பிரிஜேஷ் படேல்.

பெங்களூரின் தொம்மலூரிலிருந்து பழைய விமான நிலையச் சாலையைப் பிடித்து டிரினிட்டி சர்க்கிளைத் தாண்டினால் ரெசிடென்சி ரோடு பக்கம்தான்; சின்னசாமி அரங்கமும் அப்படியொன்றும் தூரமில்லை. தமிழ் புழங்கும் இந்தப் பகுதியில் ஒரே வீட்டுக்குள் மஞ்சள் சட்டையும் சிவப்புச் சட்டையும் காய்வதைப் பார்க்கலாம். சென்னைக் கட்சிக்கும் பெங்களூருக் கட்சிக்கும் எதில் ஒத்துப்போகாவிட்டாலும் ஒன்றில் மட்டும் நெடுங்காலம் ஒற்றுமை இருந்தது: ‘ஆர்சிபிக்கு ஏலம் எடுக்கத் தெரியாது.’

தெரியாது என்று எப்படித் தெரியும்? வீரர்களை வாங்கி, விற்று, மாற்றிக்கொள்ளும் ஒரு நிர்வாகியின் கைராசியை அளப்பது எப்படி? அமெரிக்காவில் பேஸ்பால்காரர்கள் இந்தக் கேள்வியைச் சுற்றி ஒரு துறையையே வளர்த்திருக்கிறார்கள். புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியை நடத்திய பிராஞ்ச் ரிக்கி, 1947இலேயே ஆலன் ராத் என்ற புள்ளியியலாளரை முழுநேர வேலைக்கு வைத்துக்கொண்டார். அங்கே வளர்ந்த கருவிகளில் சிலவற்றை நம் ஊர் அணிமேல் வைத்துப் பார்த்தால் வேடிக்கையான விடைகள் வருகின்றன.

முதலில் அந்த 2008. ஆர்சிபி 14 ஆட்டத்தில் 4 வென்றது; 8 அணிகளில் 7ஆவது இடம். கேவலம்தான். ஆனால் ஒரு கணக்கு போடுங்கள். எல்லா அணியும் சரிசமமான பலம் என்றும், ஒவ்வொரு ஆட்டமும் நாணயம் சுண்டுவது போலப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றும் வைத்துக்கொள்வோம். நாணயத்தை 14 முறை சுண்டினால் 4 அல்லது அதற்குக் குறைவாகத் தலை விழுவதற்கு வாய்ப்பு சுமார் 9 சதவீதம், அதாவது 11இல் ஒன்று. களத்தில் இருந்தவை 8 அணிகள். அவற்றில் ஏதாவது ஓர் அணிக்கு இந்தக் கதி நேர்வதற்கான வாய்ப்பு ஏறத்தாழ பாதிக்குப் பாதி! எந்தத் தவறும் செய்யாத நிர்வாகி ஒருவர், வெறும் நாணயத்தின் சுழற்சியால் வேலையிழக்கக்கூடிய நிலை அது.

அடுத்த ஆண்டு நடந்ததைப் பாருங்கள். 2008இல் கடைசி இடம் டெக்கான் சார்ஜர்ஸுக்கு, அதற்கு முந்திய இடம் ஆர்சிபிக்கு. 2009இல் தென்னாப்பிரிக்காவில் நடந்த தொடரின் இறுதி ஆட்டத்தில் மோதிய இரண்டு அணிகளும் அவையேதான். பீட்டர்சன் முதலிய சில புதுமுகங்கள் வந்திருந்தாலும் கும்ப்ளே, டிராவிட், காலிஸ், டெய்லர், பவுச்சர், பிரவீண் குமார், வினய் குமார் என்று பெரும்பகுதி முந்தைய ஆண்டில் ‘தப்பாக எடுத்த’ அதே ஆட்கள். இறுதி ஆட்டத்தில் கும்ப்ளே 16 ரன்னுக்கு 4 விக்கெட் எடுத்தார். ஆர்சிபி 6 ரன்னில் தோற்றது.

‘டெஸ்ட் அணி’ என்று கேலி செய்யப்பட்ட அந்த 2008 கூட்டத்தில் இன்னொரு ஆளும் இருந்தார். 19 வயதுக்கு உட்பட்ட வீரர்களுக்கான தனித் தேர்வில் டெல்லிக்கு முன்வாய்ப்பு இருந்தும், தங்கள் ஊர்ப்பையனை விட்டுவிட்டு வேகப்பந்து வீச்சாளர் பிரதீப் சாங்வானை எடுத்தது. சேவாக், கம்பீர் என்று மட்டையாளர்கள் ஏற்கெனவே நிறைந்திருந்த அணிக்கு அது மடத்தனமான தேர்வு இல்லை. ஆர்சிபிக்குச் சுமார் 12 லட்ச ரூபாயில் கிடைத்தவர் விராட் கோலி. முதல் ஆண்டில் அவர் அடித்தது 165 ரன். சாரு ஷர்மாவின் கணக்கை 2008 மே மாதத்திலேயே மூடியவர்கள் அந்த 165ஐத்தான் எழுதியிருப்பார்கள். 2016இல் அவர் ஒரே தொடரில் 973 அடித்தார். மொத்தம் 8,000ஐத் தாண்டிப் பல காலம் ஆகிவிட்டது. இந்த லாபத்தை யார் பேரில் வரவு வைப்பது?

கணக்கை எப்போது மூடுவது என்பதே இந்த மதிப்பீட்டின் பாதிச் சிக்கல். ஹசரங்காவையே எடுத்துக்கொள்ளுங்கள். அவரை வாங்கிய அதே ஏலத்தில் ஆர்சிபி யுஸ்வேந்திர சாஹலை இழந்தது. அதுவரை அணிக்காக 139 விக்கெட் எடுத்தவர். தக்கவைத்துக்கொள்ளாமல் விட்டார்கள், ராஜஸ்தான் 6.5 கோடிக்கு அள்ளிக்கொண்டது. 2022 தொடரின் முடிவில் சாஹல் 27 விக்கெட்டோடு முதலிடம். ஹசரங்கா 26உடன் இரண்டாமிடம். ஒரே ஒரு விக்கெட் வித்தியாசம். அந்த அந்தியில் கணக்கை மூடினால் பாதகமில்லாத மாற்று என்றுதான் சொல்லத் தோன்றும். ஓராண்டு கழித்து மூடினால் சாஹல் 21, ஹசரங்கா 9. அதற்குப் பிறகு ஹசரங்காவையும் விடுவித்துவிட்டார்கள். விலையையும் வயதையும் சின்னசாமியின் சிறிய எல்லைக்கோட்டில் பல ஆண்டுகள் அடிவாங்கித் தேறிய அனுபவத்தையும் சேர்த்துப் பார்த்தால், சாஹலை விட்டது பிழை என்பது என் தீர்ப்பு. ஆனால் அது 2022 மே மாதத்தில் விக்கெட் பட்டியலைப் பார்த்துச் சொல்லியிருக்க முடியாத தீர்ப்பு.

இனி விலைக்கு வருவோம். ஏலத்தில் ஜெயிப்பவர் ஏன் அடிக்கடி ஏமாந்தவராகத் தெரிகிறார்? 1971இல் கேபன், கிளாப், கேம்ப்பெல் என்ற மூன்று எண்ணெய்ப் பொறியாளர்கள் இதற்கு விளக்கம் எழுதினார்கள். மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் வயல்களை ஏலம் எடுத்த நிறுவனங்களுக்கு எதிர்பார்த்த லாபம் வரவில்லை. காரணம் எளிது. கடலடியில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று யாருக்கும் துல்லியமாகத் தெரியாது. ஒவ்வொருவரும் ஒரு மதிப்பு போடுகிறார்கள், சிலர் குறைத்து, சிலர் கூட்டி. இந்த மதிப்புகளின் சராசரி சரியாகவே இருந்தாலும் ஏலம் சராசரிக்காரருக்குப் போவதில்லை. அதிகமாகக் கூட்டிப் போட்டவருக்குத்தான் போகிறது. தொம்மலூரில் ஒரு மனை ஏலத்துக்கு வந்தால் பத்துப் பேரில் அதன் மதிப்பை எவர் மிகவும் தப்பாக உயர்த்திக் கணித்தாரோ அவர்தான் பத்திரம் பதியப் போவார். ‘வென்றவரின் சாபம்’ என்று பொருளாதாரக்காரர்கள் இதைச் சொல்வார்கள்.

கிரிக்கெட் ஏலம் வாய்விட்டுக் கேட்கும் ஏலம். அதனால் சாபம் கொஞ்சம் மட்டுப்படும். இரண்டாவது ஆள் எங்கே நிறுத்துகிறாரோ அதற்கு ஒரு படி மேலேதான் விலை நிற்கும். ஆனாலும் எதிரே ஒரே ஒரு பிடிவாதக்காரர் இருந்தால் போதும். 2014இல் யுவராஜ் சிங்குக்கு 14 கோடி. அடித்தது 376 ரன், அடுத்த ஆண்டே விடுவிப்பு. 2017இல் இங்கிலாந்தின் டைமல் மில்ஸுக்கு 12 கோடி. 5 ஆட்டம், 5 விக்கெட். 2021இல் நியூசிலாந்தின் கைல் ஜேமிசனுக்கு 15 கோடி. 9 ஆட்டம், 9 விக்கெட். மில்ஸையும் ஜேமிசனையும் பாருங்கள்: இருவரும் அந்தந்தச் சமயத்தில் எல்லாரும் பேசிக்கொண்டிருந்த, ஆனால் இந்திய ஆடுகளங்களில் அதிகம் பார்த்திராத பந்துவீச்சாளர்கள். தெரிந்தது குறைவாக இருக்கும் இடத்தில் மதிப்புகள் சிதறும். மதிப்புகள் சிதறும் இடத்தில் சாபம் பெரிது. நல்ல நிர்வாகி அங்கேதான் தன் உச்ச விலையைக் கீழே இறக்கிக்கொள்ள வேண்டும். ஆர்சிபி பல ஆண்டுகள் அங்கேதான் கையை உயர்த்திக்கொண்டே இருந்தது.

இன்னொரு பொறி, போன வருடத்துப் பட்டியல். ஹர்ஷல் பட்டேலின் கதை இதற்குப் பாடம் நடத்த எழுதியது போல இருக்கும். 2021 ஜனவரியில் டெல்லி அணியிலிருந்து 20 லட்ச ரூபாய்க்காரராக ஆர்சிபிக்கு மாறி வந்தார். அந்தத் தொடரில் 32 விக்கெட். 2013இல் டுவைன் பிராவோ படைத்த சாதனையைத் தொட்டார். ஐபிஎல் வரலாற்றில் இதைவிட மலிவான அணிமாற்றம் ஒன்று சொல்லுங்கள் பார்ப்போம். ஆனால் தக்கவைக்காமல் ஏலத்துக்கு அனுப்பிவிட்டு 2022இல் அதே ஹர்ஷலை 10.75 கோடி கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள். 2022இல் 19. 2023இல் 14. ‘காசு வந்ததும் ஆள் மாறிட்டான்’ என்று பேச்சு எழுந்தது.

ஆள் மாறவில்லை. பிரான்சிஸ் கால்ட்டன் 1886இல் எழுதிக் காட்டிய விஷயம் இது: மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் உயரமாகத்தான் இருப்பார்கள், ஆனால் பெரும்பாலும் பெற்றோரைவிடச் சராசரிக்குக் கிட்டே. அளவு எதுவாயினும் அதில் திறமையும் தற்செயலும் கலந்திருந்தால், உச்சத்தில் இருந்தவர் அடுத்த முறை இறங்குவது இயல்பு. விக்கெட் என்பது அரிதாக விழும் பொருள். ஒரு தொடரில் 20 விக்கெட் எடுக்கும் தரமுள்ள பந்துவீச்சாளருக்கு, வெறும் தற்செயலால் மட்டும் 4 அல்லது 5 விக்கெட் கூடுவதும் குறைவதும் சகஜம். கேட்ச் நழுவும், மட்டையின் விளிம்பில் பட்ட பந்து நான்காகும். ஐபிஎல்லில் பந்து வீசும் அத்தனை பேரிலும் உச்சத்தைத் தொட்ட ஒருவரைப் பொறுக்கியெடுத்தால், அவருக்கு அந்த ஆண்டு தற்செயலும் துணை இருந்திருக்கும் என்றே கொள்ள வேண்டும். 32க்கு விலை கொடுத்தால் 20 கிடைக்கும். சரி, இறங்கிவிட்டார் என்று 2023 முடிவில் விடுவித்தார்கள். பஞ்சாப் 11.75 கோடிக்கு வாங்கியது. 2024இல் 24 விக்கெட், தொடரின் முதலிடம். தற்செயல் மேலேயும் போகும் என்பதை அவர் ஆர்சிபிக்கு மறுபடி காட்டினார். உச்சத்தில் வாங்கி, பள்ளத்தில் விற்பது பங்குச் சந்தையில் மட்டும் நடப்பதில்லை.

ஒரு மாற்றத்தை மதிப்பிட வந்தவர் வந்த ஆளை மட்டும் பார்த்தால் போதாது. அந்தப் பணத்துக்கும் இடத்துக்கும் வேறு யார் கிடைத்திருப்பார் என்று பார்க்க வேண்டும். பேஸ்பாலில் இதற்கென்றே ஓர் அளவு உண்டு. எளிதில் கிடைக்கக்கூடிய சாதாரண மாற்று ஆட்டக்காரர் ஒருவரைக் கற்பனையாக நிறுத்தி, அவரைவிட இவர் எத்தனை வெற்றி கூடுதலாகத் தருகிறார் என்று எண்ணுகிறார்கள். இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் ஆர்சிபியின் மிகச் சிறந்த இரண்டு கொள்முதல்கள் ஏல அரங்கிலேயே நடக்கவில்லை என்பது தெரியும். 2011 ஏலத்தில் கிறிஸ் கெய்லை எந்த அணியும் கேட்கவில்லை, ஆர்சிபியும் கேட்கவில்லை. டர்க் நேன்னஸ் காயமடைந்ததால் இடையில் வந்து சேர்ந்தார். முதல் ஆட்டத்திலேயே சதம். 12 ஆட்டத்தில் 608 ரன். அடுத்த ஆண்டு 733. அதற்கடுத்த ஆண்டு 708, அதில் சின்னசாமியில் ஒரே இன்னிங்ஸில் 175. 2022இல் ரஜத் பட்டிதாரும் ஏலத்தில் விலை போகாதவர். காயம்பட்ட லவ்னித் சிசோடியாவுக்குப் பதிலாக 20 லட்சத்துக்கு வந்து, லக்னோவுக்கு எதிரான எலிமினேட்டரில் 54 பந்தில் 112 அடித்தார்.

இதை அதிர்ஷ்டம் என்று தள்ளிவிடலாம். நான் முழுக்கத் தள்ளமாட்டேன். 20 லட்சத்தில் தோற்றால் நஷ்டம் 20 லட்சம். ஜெயித்தால் லாபத்துக்கு வரம்பில்லை. 15 கோடியில் இது தலைகீழ். அதனால் மலிவான சூதுகளை நிறைய ஆடுவது திறமையின் ஒரு வகைதான். அப்படிக் கையில் வந்ததை வைத்துக்கொள்ளத் தெரிவது வேறொரு வகை. அதில்தான் ஆர்சிபி கோட்டை விட்டது. 2016இல் ஹைதராபாத்திலிருந்து மாற்றி வாங்கிய கே.எல். ராகுல் அந்த ஆண்டு 397 ரன் அடித்தார். 2018 ஏலத்துக்கு முன் கோலி, டி வில்லியர்ஸோடு அவர்கள் தக்கவைத்தது சர்ஃபராஸ் கானை. 11 கோடிக்குப் பஞ்சாப் போன ராகுல் அடுத்த நான்கு தொடர்களில் அடித்தது 659, 593, 670, 626. கர்நாடகத்துப் பையனைக் கர்நாடகத்து அணி கைவிட்ட கதை இன்றைக்கும் இங்கே ஆறவில்லை. வாங்கியது யாரென்று எல்லாருக்கும் நினைவிருக்கும். விட்டது யாரென்று செலவுக் கணக்கில் எவரும் எழுதுவதில்லை. ஆர்சிபியின் உண்மையான நஷ்டம் அந்த எழுதப்படாத பக்கத்தில்தான் இருந்தது.

சரி, வெற்றி தோல்வியை வைத்தே ஒரு நிர்வாகியின் திறமையைப் புள்ளியியல் ரீதியாக நிரூபிக்க வேண்டுமென்றால் எத்தனை ஆட்டம் பார்க்க வேண்டும்? ஓர் அணி உண்மையில் 100க்கு 55 ஆட்டம் வெல்லும் பலம் கொண்டது என்று வைப்போம். அதைச் சராசரியான 50லிருந்து ஓரளவு உறுதியோடு பிரித்துக் காட்ட ஏறத்தாழ 400 ஆட்டங்கள் வேண்டும். பேஸ்பாலில் ஓர் அணி ஆண்டுக்கு 162 லீக் ஆட்டம் ஆடுகிறது. இரண்டரை ஆண்டில் விடை தெரிந்துவிடும். ஐபிஎல்லில் ஆண்டுக்கு 14. விடை தெரிய 28 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். 2025 தொடர் ஐபிஎல்லின் 18ஆவது தொடர். ஆக, முதல் தொடரில் தொடங்கி இன்றுவரை ஒரே ஆள் ஒரே நாற்காலியில் இருந்திருந்தாலும் வெற்றிப் பட்டியலை மட்டும் வைத்து அவருக்குத் தீர்ப்பு எழுத முடியாது!

நீண்ட லீக் இருந்தும் பேஸ்பாலில்கூடக் கோப்பை வேறு கதைதான். மிகக் குறைந்த சம்பளப் பட்டியலை வைத்துக்கொண்டு ஓக்லாந்து அணியை 2002இல் 103 வெற்றிக்குக் கொண்டுபோனவர் பில்லி பீன். அதில் 20 வெற்றிகள் தொடர்ச்சியாக. ஆனால் அந்த ஆண்டு நாக் அவுட்டின் முதல் சுற்றிலேயே வெளியேறினார்கள். அவர் நிர்வாகத்தில் ஓக்லாந்து ஒருமுறையும் உலகத் தொடரை வெல்லவில்லை. ஆனாலும் விளையாட்டு நிர்வாகம் பற்றிப் பேசுகிற எவரும் முதலில் சொல்லும் பெயர் அவருடையது. நம் ஊரில் அப்படி ஒருவருக்கு இரண்டு ஆண்டுக்கு மேல் வேலை நிலைக்குமா என்பது சந்தேகம்.

இந்த வெளிச்சத்தில்தான் 2024 நவம்பரில் ஜெத்தாவில் நடந்த பெரிய ஏலத்தைப் பார்க்க வேண்டும். கிரிக்கெட் இயக்குநர் மோ போபட், பயிற்சியாளர் ஆண்டி பிளவர், தினேஷ் கார்த்திக் ஆகியோர் மேசையில். 120 கோடிப் பர்ஸில் கோலி 21, பட்டிதார் 11, யஷ் தயாள் 5 போக மீதி 83 கோடி. ஊரே ராகுலைக் கேட்டது. அவர் 14 கோடிக்கு டெல்லி போனார். சிராஜும் கைவிட்டுப் போனார். வில் ஜாக்ஸை மும்பையிடமிருந்து திரும்பப் பெறும் உரிமையைப் பயன்படுத்தாமல் விட்டபோது ஆகாஷ் அம்பானி எழுந்து வந்து ஆர்சிபி மேசைக்குக் கைகொடுத்துவிட்டுப் போனார். சமூக ஊடகங்களில் வசவு மழை.

அவர்கள் வாங்கிய பட்டியலில் ஹேசல்வுட்டின் 12.5 கோடிதான் உச்சம். சால்ட் 11.5, ஜிதேஷ் 11, புவனேஷ்வர் 10.75. அதற்குக் கீழே குருணால் பாண்டியா 5.75, டிம் டேவிட் 3, சுயாஷ் சர்மா 2.6, ரொமாரியோ ஷெப்பர்ட் 1.5. கடைசி நால்வரின் விலையையும் கூட்டினால் 12.85 கோடி; ராகுல் ஒருவரின் விலைக்குள் நால்வரும் அடக்கம். 2025 ஏப்ரலில் அதே ராகுல் சின்னசாமியில் ஆட்டமிழக்காமல் 93 அடித்து ஆர்சிபியைத் தோற்கடித்து, இது என் மைதானம் என்று தரையில் வட்டம் போட்டுக் காட்டினார். அன்றிரவு யாரும் ஜெத்தாவைப் புகழ்ந்திருக்க மாட்டார்கள்.

ஜூன் 3ஆம் தேதி ஆமதாபாத்தில் ஆர்சிபி முதல் ஐபிஎல் கோப்பையை வென்றது. குருணால் 17 ரன்னுக்கு 2 விக்கெட் எடுத்து ஆட்டநாயகன் ஆனார். பஞ்சாபின் 26.75 கோடி கேப்டன் ஷ்ரேயஸ் ஐயரை 1 ரன்னில் வெளியே அனுப்பியவர் 1.5 கோடி ஷெப்பர்ட். எதிரணியில் 18 கோடிக்கு வாங்கப்பட்ட சாஹல் இருந்தார். வெற்றியின் வித்தியாசம் 6 ரன், 2009இல் தோற்ற அதே 6. மறுநாள் சின்னசாமி வாசலில் நெரிசலில் 11 உயிர்கள் போயின. அந்தப் பொறுப்புக் கணக்கு வேறு, இதோடு கலக்கக்கூடாதது.

கோப்பை வந்ததால் ஜெத்தா ஏலம் நல்ல ஏலம் ஆகிவிடவில்லை. எல்லைக்கோட்டருகே ஒரு பந்து மறுபக்கம் விழுந்திருந்தால் 2009 போல இதுவும் ‘நெருங்கி வந்தார்கள்’ என்ற பத்தியில் முடிந்திருக்கும். ஏலம் நடந்த அன்றே அது நல்ல ஏலம்: பணத்தைப் பரப்பியது, தெரியாத சரக்குக்கு உச்ச விலை கொடுக்கவில்லை, கூட்டத்தின் சத்தத்துக்குக் கையைத் தூக்கவில்லை. எதிரணிகளின் சொந்த மைதானங்களில் ஆடிய 7 லீக் ஆட்டத்தையும் வென்றது, சின்னசாமிக்கு மட்டும் பொருந்தும் அணியைக் கட்டும் பழைய வழக்கம் போய்விட்டது என்பதற்கு ஓர் அடையாளம். ஆனாலும் ஒரு தொடரை வைத்து போபட்டை மேதை என்பது, ஒரு தொடரை வைத்து சாரு ஷர்மாவை நீக்கியதற்குச் சற்றும் குறையாத அவசரம்.

அடுத்த ஏலத்தன்று ஒன்று செய்து பாருங்கள். உங்கள் அணி வாங்கியவர்களையும் விட்டவர்களையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அது சரியா தப்பா, ஏன் என்று ஒரு வரி சேர்த்து, தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டு வையுங்கள். இரண்டு தொடர் முடிந்த பிறகு எடுத்துப் படியுங்கள். அதன்பிறகு நிர்வாகிகளைத் திட்டலாம்; தாராளமாக.